வங்கி கடன் தர மறுத்த மனையை வாங்கலாமா?

கேள்வி: தஞ்சாவூர் புறவழிச்சாலைக்கு அருகே, நஞ்சையைப் பிரித்துப் போட்ட 3 சென்ட் மனை ஒன்று 9 லட்சம் ரூபாய்க்கு வருகிறது. அங்கீகாரம் பெற்ற மனை அதே அளவில் 12 லட்சம். மலிவான மனைக்கு வங்கி கடன் மறுத்துவிட்டது. விற்பவர் தனியாரிடம் 15 சதவீத வட்டிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். கையில் 3 லட்சம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. விலையில் தெரியும் 3 லட்சம் மிச்சம், கடனோடு சேர்த்துக் கணக்கிட்டால் அப்படியே நிற்காது. மலிவான மனைக்கு 6 லட்சத்தை 15 சதவீதத்தில் 15 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,400 ரூபாய். அங்கீகாரம் பெற்ற மனைக்கு வங்கியில் 9 லட்சம், 9 சதவீத வட்டி, அதே காலம் என்று வைத்துக்கொண்டால் 9,130 ரூபாய். கடன் முடியும்போது கட்டிய மொத்தத்தில் வித்தியாசம் சுமார் 1.30 லட்சம்தான்.

வீடு கட்டத் தொடங்கினால் அதுவும் போய்விடும். அங்கீகாரமற்ற மனையில் கட்டட அனுமதி கிடைக்காது. அனுமதியில்லாமல் வங்கி வீட்டுக்கடன் தராது. கட்டுமானத்துக்கு 20 லட்சத்தை அதே 15 சதவீதத்தில் வாங்க நேர்ந்தால், வங்கித் தவணையைவிட மாதம் 7,700 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில் சாலைக்கு இடம் விட்டு, அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பெரிய பிரிவானால் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கான ஒதுக்கீடாகப் பத்தில் ஒரு பங்கும் விட வேண்டும். அங்கீகாரம் பெறாதவர்கள் அந்த இடத்தையும் மனையாக்கி விற்பதால்தான் விலையைக் குறைக்க முடிகிறது. பின்னாளில் நீங்கள் விற்கப் போனாலும், வங்கிக் கடனை நம்பி வாங்குபவர்கள் ஒதுங்கிவிட, ரொக்கம் வைத்திருப்பவர் கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் டெல்டாவில் இதைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர். மா என்ற நில அளவைக் கணக்கில் வாங்கிய வயலைச் சதுர அடிக் கணக்கில் விற்பவர்களில் பலர், வரப்பை வெட்டிச் சவுடு மண் அடித்து எல்லைக்கல் நட்டுவிடுகிறார்களே தவிர, மேல்வயலின் வடிகால் இனி எங்கே போகும் என்று பார்ப்பதில்லை. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் நில அளவை வரைபடமான புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போய், அதில் வாய்க்கால் காட்டியுள்ள இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பதிவு பெற்ற குத்தகைதாரர் உண்டா, கோயில் அல்லது மடத்து நிலமா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பத்திரம் பதிவாகிவிடும் என்று விற்பவர் சொல்லலாம். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுப்பதால், மனை என்று குறிப்பிடாமல் நஞ்சை 3 சென்ட் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பத்திரம் உங்களுக்கு வயலைத்தான் தரும், மனையைத் தராது. அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் அரசின் வரன்முறைத் திட்டமும் 20.10.2016-க்கு முந்தைய பிரிவுகளுக்கே உரியது.

அங்கீகாரம் பெற்ற மனையானாலும் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகார வரைபடம் ஆகியவற்றின் நகல்களை வங்கியிடம் கொடுத்து, அவர்களுடைய வழக்கறிஞரின் லீகல் ஒப்பீனியன் வரும்வரை பொறுத்திருங்கள். அதற்குள் ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும் என்று விற்பவர் வற்புறுத்தினால், கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.