கரண்ட் வைத்தால் ஏன் குத்துகிறது?

கேள்வி: ரப்பர் பால் வெட்டும் வேலை பார்த்த என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். பிசியோதெரபி சென்டரில் கரண்ட் வைத்தபோது சுகமாக இருந்ததால் வீட்டுக்கு ஒரு டென்ஸ் மிஷின் (தோல் வழியாக மெல்லிய மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைக்கும் கருவி) வாங்கினோம். ஒரு நாள் ஒன்றுமே தெரியவில்லை; மறுநாள் ஊசியாய்க் குத்துகிறது. மிஷின் கோளாறா?
– வாசகி, குலசேகரம்

பதில்: முட்டியில் முறிவெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தேய்க்கிறீர்களா? நம் பக்கத்தில் தேய்க்காத வீடு குறைவு. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. எண்ணெய் படியாத சிறு இடம் வழியாகவே கரண்ட் முழுக்க இறங்கும்போது அங்கே குத்தும். தோலில் ஒட்டும் ஜெல் பேடின் ஓரம் எழும்பி நின்றாலும் இப்படித்தான். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே ஒட்டுங்கள். எண்ணெய்த் தடவலைக் கரண்ட் வைத்து முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் தெரியாத நாளில் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அடுத்து ஜெல் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தடவியும் ஒட்டவில்லையென்றால் புது பேட்தான். சொருகும் முனைக்குப் பக்கத்தில் வயர் உள்ளே அறுந்துபோவதும் உண்டு. மிஷினிலிருந்து தனித்தனியாக வரும் இரண்டு சேனல் வயரையும் மாற்றிச் சொருகினால் தெரிந்துவிடும்.

முட்டிச் சிரட்டைக்கு மேலே இரு பக்கமும் இரண்டு, கீழே இரண்டு என 5 செ.மீ. பேட்கள் நான்கு வையுங்கள். ஒன்றோடொன்று தொடக்கூடாது. துடிப்பு நொடிக்கு 80 முதல் 100, ஒவ்வொரு துடிப்பின் அகலம் (அது நீடிக்கும் நேரம்) 100 மைக்ரோசெகண்ட். பூஜ்யத்திலிருந்து மெதுவாகக் கூட்டி, விறுவிறுவென்று நன்றாகத் தெரியும், ஆனால் வலிக்காத அளவில் நிறுத்துங்கள். தசை துடித்தால் சற்றுக் குறையுங்கள். பத்து நிமிடத்தில் உணர்வு மங்கும். நரம்பு பழகிவிடுவதுதான் காரணம், லேசாகக் கூட்டலாம். 30 நிமிடம் போதும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அணைத்த பிறகே பேடை எடுக்க வேண்டும்.

தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டி, தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துவதுதான் இதன் வேலை. 1965இல் வலி ஆய்வாளர்கள் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த ‘வாசல்’ கொள்கை இது. தேய்ந்த மூட்டு இதனால் வளராது. வலி குறைந்திருக்கும் அந்த நேரத்திலேயே முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதை 5 நொடி அழுத்தி, பிறகு தளர்த்தச் சொல்லுங்கள், பத்து முறை. இதை விட்டுவிட்டுக் கரண்டை மட்டும் நம்பினால் தொடைத் தசை இன்னும் மெலியும்.

கேள்வி: அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, பாதம் மரத்திருக்கிறது. அதே இடத்தில் கரண்ட் வைக்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: கூடாது. உணர்வில்லாத தோலில் கரண்ட் அதிகமானாலும் அவருக்குத் தெரியாது, தோல் பொள்ளிவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதய மருத்துவர் சொல்லாமல் மிஷினைத் தொடவே வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், நெஞ்சுக்குக் குறுக்கே, கர்ப்பிணியின் வயிறு, ஆறாத புண் ஆகிய இடங்களிலும் ஆகாது. திடீரென வீங்கி வலிக்கும் கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முகவாதத்துக்கு இதே மிஷின் உதவுமா?
– வாசகி, தக்கலை

பதில்: உதவாது. நரம்புத் தொடர்பு அறுந்த தசையைச் சுருங்கவைக்க மில்லிசெகண்ட் கணக்கில் நீண்ட துடிப்பு வேண்டும். டென்ஸ் தருவது மைக்ரோசெகண்ட்தான். அது வேறு கருவி, பிசியோதெரபிஸ்ட் கையில் இருக்க வேண்டியது. முகம் கோணிய அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.