ஸ்கேனில் தெரியாத வயிற்றுவலி

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் என் மகளுக்கு வயது 16. கொரோனாக் காலம் முழுவதும் சூம் வகுப்புகளில் படித்தவள், பாடசாலை திறந்தபின் காலையில் வயிற்றுவலி என்று அழுகிறாள். வாரத்தில் இரண்டு நாள்தான் போகிறாள். அதிகாலை 3 மணி வரை விழித்திருக்கிறாள். ஸ்கேனில் குறையேதும் இல்லை. நடிக்கிறாளா?
– தாய் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நடிப்பாக இருக்காது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் குடலின் அசைவை மாற்றிவிடுவதால் உண்டாகும் வலி மெய்யான வலியே. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டுமே தவிர, இந்த மாற்றத்தைக் காட்டாது. விடுமுறை நாள்களில் வலி இல்லையென்றால் பதற்றமே காரணம் என்பது பெரும்பாலும் உறுதி. ஆயினும் உறக்கத்தைக் கலைக்கும் வலி, எடை குறைதல், விடாத காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் வைத்தியரிடம் மீண்டும் காட்டுங்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பாடசாலைகள் அதன்பின் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தன. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சையும் 2022 மே மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. இதற்கிடையில் உங்கள் மகள் இழந்தது பாடங்களை மட்டுமல்ல. நாற்பது பேர் நடுவே எழுந்து நின்று பதில் சொல்லும் பழக்கமும் விட்டுப்போயிருக்கும். வீட்டில் நின்றுவிட்டால் வலி உடனே தணிகிறது. அந்த நிம்மதியே மறுநாள் அச்சத்தைப் பெருக்குகிறது. ஆகவே வகுப்பாசிரியருடன் பேசி, முதல் வாரம் இடைவேளை வரையிலாவது தினமும் போக ஒழுங்கு செய்யுங்கள். வலித்தால் சற்று ஓய்வெடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பட்டும். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். காலையில் "வலிக்கிறதா?" என்று நீங்களாகக் கேட்கவும் வேண்டாம்.

என் பெரிய கவலை உறக்கம். இந்த வயதினருக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை. படித்தது நினைவில் பதிவதும் பெரும்பாலும் உறக்கத்தில்தான். பருவ வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும். அதனால் இரவு பத்து மணிக்குப் படுக்கச் சொல்லிச் சண்டையிடுவதில் பயனில்லை. எழும் நேரத்தை, ஞாயிறு உட்பட, ஒன்றாக்குங்கள். எழுந்ததும் கடற்கரையிலோ தொடர்மாடி மொட்டைமாடியிலோ வெயில் படும்படி நடக்கட்டும். பகலில் தூங்க விடாதீர்கள். ஓரிரு வாரங்களில் இரவுத் தூக்கம் தானாக முன்னுக்கு வரும். கைபேசி இரவில் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் கூடத்தான். விட்ட பாடங்களைப் பிடிப்பதற்கென்று சேர்த்த டியூஷன் வகுப்புகளில் ஒன்றையாவது நிறுத்துங்கள். ஆசிரியர்கள் என்மீது கோபிக்கக்கூடும், ஆனால் தூங்காத பிள்ளைக்கு நடத்தும் வகுப்பால் என்ன பயன்?

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, "இருந்து என்ன?" என்ற தொனியில் பேசினாலோ, சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். அந்த நிறுவகம் இருக்கும் அங்கொடை என்ற பெயரைக் கேட்டே நம்மவர் பலர் தயங்குகிறார்கள், ஆனால் அழைப்பவர் வீட்டிலிருந்தபடியே ஆலோசனை பெறலாம்.