அம்மாவை இழந்த 10 வயதுப் பையனுக்கு ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ படத்தைக் காட்டலாமா?

அந்தப் பையனுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேள்வியில் சொல்லவில்லை. பத்து வயது, அம்மா இறந்து ஒரு வருடம், போஸ்டரில் கொக்கைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறான், காட்டலாமா என்று மட்டும்தான் இருக்கிறது. அப்பாவாக இருந்தால் ‘என் மகன்’ என்று எழுதியிருப்பீர்கள். அதனால் நீங்கள் அவனுடைய சித்தி, அல்லது சித்தியாகப் போகிறவர் என்று நானாக முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிட்டு மேலே படியுங்கள்.

காட்டலாம். ஆனால் முதலில் நீங்கள் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நான் உளவியல் படித்தவன் இல்லை. பதினொரு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவன், பன்னிரண்டு வயதில் அம்மாவின் தங்கையையே அப்பா கட்டிக்கொண்டதைப் பார்த்தவன். இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், ரசிகர்கள் வந்து ‘இது இயக்குநர் மியாசாகியின் சிறந்த படமே இல்லை, இதைவிட நல்ல படம் நாலு இருக்கிறது’ என்று சண்டை பிடிக்க வேண்டாம். இருக்கட்டும். அந்த நாலில் எதிலும் என் வீடு இல்லை.

படம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கியது, ஜிப்லி ஸ்டுடியோ தயாரிப்பு. ஜப்பானில் 2023 ஜூலை 14 அன்று ஒரு டிரெய்லர்கூட இல்லாமல், ஒரே ஒரு போஸ்டரை மட்டும் ஒட்டிவிட்டு வெளியிட்டார்கள். மறு வருடம் ஆஸ்கர் வாங்கியது. ஜப்பானியப் பெயருக்கு ‘நீங்கள் எப்படி வாழப்போகிறீர்கள்?’ என்று அர்த்தம். கென்சபுரோ யோஷினோ 1937-ல் எழுதிய நாவலின் தலைப்பு அது. தலைப்பை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள், கதை வேறு. கிட்டத்தட்ட எல்லாம் கையால் வரைந்தது. அறுபது பேர் உட்கார்ந்து வரைந்தும் மாதத்துக்கு ஒரு நிமிடப் படம்தான் தேறுகிறது என்று தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி நடுவில் ஒரு பேட்டியில் சொன்னார். படம் 2 மணி 4 நிமிடம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மஹிதோ என்ற பையன். இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது டோக்கியோவில் அம்மா இருந்த ஆஸ்பத்திரி தீப்பிடிக்கிறது. இவன் கூட்டத்துக்கு நடுவே ஓடுகிறான். அந்த ஓட்டத்தை வரைந்த விதத்தைப் பாருங்கள். எதிரே வருகிறவர்களின் முகமெல்லாம் அனலில் உருகுகிற மாதிரி இழுபட்டுக் கலைகிறது. ஒரு முகமும் தெளிவாக இல்லை. எனக்கும் எங்கள் அம்மாவைத் தூக்கிப்போன நாளில் ஒருத்தர் முகமும் ஞாபகம் இல்லை. வாசலில் கிடந்த செருப்புகள்தான் ஞாபகம் இருக்கின்றன.

மறு வருடம் அப்பாவும் பையனும் கிராமத்துக்குப் போகிறார்கள். ரயிலடியில் அழைத்துப்போக ஒரு பெண் வந்திருக்கிறாள். செத்துப்போன அம்மாவின் ஜாடை அப்படியே. அம்மாவின் தங்கை நட்சுகோ. இனிமேல் நான்தான் உன் அம்மா என்கிறாள். ரிக்‌ஷாவில் போகும்போது அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, உள்ளே உன் தம்பியோ தங்கையோ இருக்கிறது என்கிறாள். அவன் கையை உதறவில்லை. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மரியாதையாக உட்கார்ந்திருக்கிறான். தியேட்டரில் எனக்கு வியர்த்தது அந்த இடத்தில்தான்.

எங்களுக்கு மேலூர்ப் பக்கம். அப்பா பஸ் கண்டக்டர், ஒரு நாள் வீட்டில் இருந்தால் இரண்டு நாள் இருக்க மாட்டார். அம்மா மஞ்சள் காமாலையில் போனது 1993-ல். ‘வெளியில இருந்து ஒருத்தி வந்தா இவன யாரு பாப்பா’ என்று சொல்லிச் சொல்லியே அம்மாச்சி தன் சின்ன மகளைக் கட்டிவைத்தார். சித்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டெய்லரிங் கற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது, கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் பாஷையில் ஒரு சிக்கல் உண்டு. அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பா இரண்டாவதாகக் கட்டியவளும் சித்திதான். கோடை லீவில் வரும்போது கமர்கட் வாங்கிவந்த சித்தியை ஆசையாகக் கூப்பிட்ட அதே வார்த்தையை, கல்யாணத்துக்கு மறுநாள் கூப்பிட வாய் வரவில்லை. தெருவே ‘சித்தி வந்துட்டாளாமே’ என்று அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் வைத்துப் பேசியது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பசித்தால் தட்டை எடுத்துக் கீழே வைப்பேன், சத்தம் கேட்டு வருவார்.

மஹிதோவும் இதையேதான் செய்கிறான். அவள் யார் என்று கேட்டால் ‘அப்பாவுக்குப் பிடித்தவர்’ என்கிறான். என்ன ஒரு வசனம்! கூப்பிடாமல் இருப்பதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

(எல்லாச் சித்தியும் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அது பொய்யில்லை. நான் என் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.)

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய காட்சி. புதுப் பள்ளியில் பையன்களோடு அடிதடி. திரும்பி வரும் வழியில் மஹிதோ ஒரு கல்லை எடுத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான். ரத்தம் வழியவில்லை, கொட்டுகிறது. கேட்டால் கீழே விழுந்துவிட்டேன் என்கிறான். அப்பா நம்பவில்லை, யார் அடித்தது என்று கொதிக்கிறார். பத்து வயதுப் பையன் இதைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இன்னொன்று, ‘உன் அம்மா சாகவில்லை, வா காட்டுகிறேன்’ என்று கொக்கு ஆசை காட்டும். போனால் அம்மா மாதிரியே ஒருத்தி படுத்திருப்பாள், தொட்டதும் கரைந்து வழிந்துவிடுவாள். உங்கள் பையன் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால் இந்தக் காட்சிக்காகவே இரண்டு வருடம் தள்ளிப்போடலாம். ஆளைத் தின்னும் பெரிய கிளிகள், கூட்டமாக மேலே ஏறும் தவளைகள் எல்லாம் பரவாயில்லை, பையன்கள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

அந்தக் கல்லுக்கு வருகிறேன். ஒரு நாள் சித்தி குழாயடிக்குப் போயிருந்தார். திரி ஸ்டவ்வில் பால் வைத்திருந்தது. பொங்கியதும் நான் துணி இல்லாமல் தூக்கப்போய், இடது கை மணிக்கட்டெல்லாம் கொட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பேனா மையை ஊற்றினார். அந்த நேரம் பார்த்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்து நின்றார். ‘யாருடா சுட்டது?’ என்றார். ‘என்னடா ஆச்சு’ என்று கேட்கவில்லை. ‘யாருடா சுட்டது’.

நான் பொய் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அவ்வளவுதான். குடத்தை இடுப்பில் வைத்தபடி சித்தி வாசலில் நிற்கிறார். அத்தை தெருவையே கூட்டிவிட்டார். அப்பா ஒரு வாரம் சித்தியோடு பேசவில்லை, எனக்குத் தானே சோறு போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. இதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

படத்தில் அந்தக் கிராமத்து வீட்டுப் பக்கத்தில் ஒரு பழைய கோபுரம், அதற்குள் ஒரு வேறு உலகம். அங்கே பெரிய தாத்தா ஒருவர் கற்களை அடுக்கி உலகத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பிறகு நீ பார்த்துக்கொள், தீமை படாத கற்கள் இவை என்கிறார். மஹிதோ தலைத் தழும்பைத் தொட்டுக்காட்டி, இதை நானேதான் செய்துகொண்டேன், இது எனக்குள் இருக்கும் கெட்ட எண்ணத்தின் அடையாளம், நான் தொட முடியாது என்கிறான். பெரிய தாத்தா யார், ஜிப்லியில் மியாசாகியோடு கூட இருந்த இயக்குநர் இசாவோ தகஹதாவா என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சுசுகியும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். சரி, இருக்கட்டும். நான் பார்த்தது என் மணிக்கட்டை.

அதற்கு முன்னால் பிரசவ அறைக் காட்சி ஒன்று. நட்சுகோ அந்த உலகத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள். தேடிவந்த பையனைப் பார்த்து ‘உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லை’ என்று கத்துகிறாள். அதுவரை அவள் முகம் சுளித்ததே கிடையாது. அப்போதுதான் அவன் முதல் தடவையாக ‘நட்சுகோ அம்மா’ என்று கூப்பிடுகிறான். நல்லவளாகவே இருந்த வரைக்கும் அவனுக்கு அந்த வார்த்தை வரவில்லை பாருங்கள். நீங்கள் சித்தி என்றால் இந்தக் காட்சிக்கு உங்களைத்தான் முதலில் தயார்செய்துகொள்ள வேண்டும்.

தியேட்டர் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் வெட்டி இடைவேளை விட்டார்கள். பின்சீட்டில் ஒருவர் ‘பொம்மைப் படத்துக்கு இவ்வளவு டிக்கெட்டா’ என்று கடைசி வரை புலம்பினார். அதையாவது விடலாம். ‘அம்மா பெயர்’ என்று விண்ணப்பங்களில் ஒரு கட்டம் வைக்கிறார்களே, அதைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் நான் தனியாகப் பதில் எழுதுவேன். என் பள்ளிச் சான்றிதழில் பெற்ற அம்மா பெயர், ரேஷன் கார்டில் சித்தி பெயர். ஓர் அலுவலகத்தில் நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். கவுன்டரில் இருந்தவர் வரிசைக்கே கேட்கும்படி ‘என்ன சார், ரெண்டு அம்மாவா?’ என்றார். ஆமாம் சார் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன்.

போன பொங்கலுக்குச் சித்தி வந்திருந்தபோது வீட்டு டிவியில் இந்தப் படத்தைப் போட்டேன். கொக்கின் வாய்க்குள் பல்லைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பாதியில் தூங்கினார். பிரசவ அறைக்குச் சரியாக எழுந்துகொண்டார். நட்சுகோ கத்தி முடித்ததும், ‘பாவம், அவளுக்கும் மூச்சு முட்டியிருக்கும்ல’ என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. படத்தை நிறுத்திவிட்டு, அன்னைக்குக் கையைச் சுட்டுக்கிட்டது நான்தான் சித்தி, அத்தைகிட்ட சொல்லாம இருந்துட்டேன் என்றேன். முப்பது வருடம்!

‘தெரியுமேப்பா’ என்றார். ‘அடுப்பெல்லாம் பாலு. தொடச்சது நான்தான?’

பிறகு, படம் ஓடட்டும், அந்தப் புள்ளை வெளியே வந்தானா இல்லையா என்றார்.

வருகிறான். இதைச் சொன்னால் படம் கெட்டுவிடாது. அவன் கூடவே திரிந்த நெருப்புப் பெண் ஹிமி யார் என்பதை மட்டும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும். படம் ஓடும்போது ‘புரியுதா, புரியுதா’ என்று கேட்காதீர்கள், எனக்கே மூன்றாம் தடவைதான் முக்கால்வாசி பிடிபட்டது. ரொட்டியும் வெண்ணெயும் சிவப்பு ஜாமும் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஹிமி ஒரு ரொட்டித் துண்டில் அள்ளி அப்பிக் கொடுப்பாள், அவன் வாயெல்லாம் ஈஷிக்கொண்டு தின்பான். உங்கள் பையன் அப்போதே கேட்பான்.