மகள் தனியே பஸ்ஸில் போகக் கேட்கிறாள்

கேள்வி: ரீச்சர் அக்கா, நாங்கள் நிலாவெளியில், ரோட்டுக்குக் கடற்கரைப் பக்கமாக இருக்கிறோம். மகளுக்கு 23 வயது, டவுன் சின்ட்ரோம். திருகோணமலை நகரில் ஒரு தையல் நிலையத்தில் பட்டன் தைக்கும் வேலை கிடைத்து மூன்று மாதம். காலையில் கொண்டுபோய் விட்டு வீட்டுக்கு வந்து, பின்னேரம் திரும்பப் போய்க் கூட்டி வருகிறேன். நாளுக்கு நான்கு பஸ். இப்போது "நான் தனியப் போறன் அம்மா" என்று ஒரே பிடிவாதம். பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். காசுக் கணக்கு வராது. "குமர்ப்பிள்ளையைத் தனிய பஸ்ஸில ஏத்துறதோ" என்று மாமி ஏசுகிறார். பழக்க முடியுமா? எவ்வளவு காலம் பிடிக்கும்?
ஒரு தாய், நிலாவெளி

பதில்: பழக்கலாம் தங்கச்சி. மூன்று மாதம் உங்களோடு போய் வந்தவள் பாதியை ஏற்கெனவே கற்றிருப்பாள். எந்தப் பாதி என்பதுதான் உங்கள் இருவருக்கும் தெரியாது. பஸ்ஸை மறிப்பது நீங்கள், காசு கொடுப்பது நீங்கள், "எழும்பு, வந்திட்டுது" என்று சொல்வதும் நீங்கள். அவளுக்குத் தெரிந்ததைக் காட்ட இடம் எங்கே?

ஆகவே முதல் ஒரு வாரம் ஒன்றும் கற்பிக்க வேண்டாம். வழமைபோல கூடப் போங்கள், வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். படலையைச் சாத்துவதிலிருந்து தையல் மெசின் முன் உட்காருவது வரை உள்ள வேலைகளை ஒரு கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். எப்படியும் இருபத்தைந்து, முப்பது வரும். ஒவ்வொன்றுக்கும் நேரே தானாகச் செய்தாளா, கை காட்டியதும் செய்தாளா, சொன்ன பிறகா, நீங்களே செய்தீர்களா என்று குறியுங்கள். அவள் தடுமாறினால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் கையால் காட்டுங்கள். சொல்லிக் கொடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும். பிள்ளையிடமிருந்து மீட்டெடுக்க ஆகக் கடினமான உதவி தாயின் குரல். அது காதில் விழும்வரை அவள் வெளியே பார்க்கவே மாட்டாள்.

இனி முக்கியமான விஷயம். போவதும் வருவதும் ஒரே பயணம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீடு கடற்கரைப் பக்கம். காலையில் நகருக்குப் போகும் பஸ் இடப்பக்கமாக, உங்கள் பக்கத்திலேயே வந்து நிற்கும். ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை. போய்ச் சேருவது பஸ் ஸ்டாண்ட். எல்லோரும் இறங்குவார்கள், அவளும் இறங்குவாள். பின்னேரம் அப்படியில்லை. கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று நிற்கும் பஸ்களுக்குள் சரியானதைப் பிடிக்க வேண்டும், நடுவழியில் தானே இறங்க வேண்டும், இறங்கிய பிறகு ரோட்டைக் கடக்க வேண்டும். எனவே காலைப் பயணத்தை முதலில் முடியுங்கள். அவள் காலையில் தனியே போகத் தொடங்கினாலே உங்கள் நான்கு பஸ் இரண்டாகிவிடும். அதற்கே சில மாதங்கள் எடுக்கலாம், பரவாயில்லை.

அந்தக் காலைப் பயணத்தையும் வாலிலிருந்து பிடியுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தையல் நிலையம் வரை அவள் முன்னே நடக்கட்டும், நீங்கள் இருபது அடி பின்னே. (அங்கே நகருக்குள் திரியும் மான் நின்றால் அவளும் நிற்பாள். திட்டாதீர்கள், ஐந்து நிமிடம் முந்திப் புறப்படுங்கள்.) வாசலை அவள் தனியே தாண்டும் அந்த நிமிடத்துக்காகத்தான் மற்றதெல்லாம். அது சரிவந்ததும் இறங்குவதை அவளிடம் விடுங்கள், அப்புறம் காசு கொடுப்பதை, அப்புறம் பஸ்ஸை மறிப்பதை. ஒரு படியை ஐந்து நாள் தொடர்ந்து உதவியில்லாமல் செய்த பிறகே அடுத்தது. நீங்களும் பக்கத்து சீட்டிலிருந்து பின் சீட்டுக்கும், அங்கிருந்து கடைசி வரிசைக்கும் போங்கள். பிறகு அவளுக்குத் தெரியாத ஒருவர் அதே பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வரும் பயணத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு, "சிவப்புப் பலகைக் கடை வந்ததும் இறங்கு" என்று பழக்கினேன். ஆறு மாதம் அச்சாவாகப் போனான். ஒரு நாள் கடைக்காரர் பலகையை நீலமாக்கிவிட்டார். பையன் கடைசி ஹோல்ட் வரை போய்விட்டான். பிழை அவனுடையதல்ல, என்னுடையது. அசையாததைத்தான் அடையாளமாகக் கொடுக்க வேண்டும். சாம்பல்தீவுப் பாலம் வந்தால் பையைத் தோளில் போட வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் ஹோல்ட்டுக்குக் கிட்ட உள்ள கோயிலோ பள்ளிவாசலோ தெரிந்தால் "இறக்கம்" என்று குரல் கொடுக்க வேண்டும். மாரியில் ஷட்டரை இறக்கிவிட்டால் பாலமும் தெரியாது. ஆகவே ஏறும்போதே கொண்டக்டரிடம் "அண்ணா, நிலாவெளியில இறக்கிவிடுங்கோ" என்று சொல்லும் பழக்கமும் வேண்டும். நவம்பர், டிசம்பர் மழையிலும் சில நாள் பழக்கிப் பாருங்கள்.

நிறத்தை நம்பிப் பழக்கினால் வேறொரு சிக்கலும் வரும். இ.போ.ச. (அரச போக்குவரத்துச் சபை) பஸ் சிவப்பு, தனியார் பஸ் எந்த நிறத்திலும் வரும். பலகையில் நிலாவெளி என்றிருக்கலாம், குச்சவெளி, புல்மோட்டை என்றும் இருக்கலாம். நிலாவெளி வழியாகப் போனால் மூன்றும் அவளுக்குச் சரி. மூன்று பெயரையும் அட்டையில் எழுதிப் பழக்குங்கள், கூடவே "நிலாவெளி போகுமா?" என்று கேட்கவும். அமெரிக்காவில் 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மாதிரித் தெரு, பொம்மை, படங்கள் வைத்து வகுப்பறையில் பழகிய, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உண்மையான பஸ்ஸில் சரியாகப் பயணம் செய்தார்கள். பஸ்ஸிலேயே பழக்குவதைவிட நேரமும் செலவும் குறைந்தன. வீட்டில் மேசைமேல் தீப்பெட்டியை பஸ்ஸாக ஓட்டி விளையாடினாலும் பலன் உண்டு. ஆனால் சனக் கூட்டத்தையும் மழையையும் மேசையில் காட்ட முடியாது.

காசுக் கணக்கு வராதது பெரிய தடை அல்ல. நாளுக்கு இரண்டு சின்னப் பை, ஒன்றில் போகும் காசு, மற்றதில் வரும் காசு, இரண்டிலும் சரியான தொகை. நோட்டைக் கொடுத்தால் "மிச்சம் இறங்கேக்க தாறன்" என்பார்கள். நாமே அதை மறந்து இறங்கிவிடுகிறோம். கட்டணம் மாறினால் பையில் உள்ளதை நீங்கள் மாற்றினால் போதும்.

ரோட்டைக் கடப்பதில் மட்டும் நான் சலுகை தர மாட்டேன். இறங்கியதும் நிற்கும் பஸ்ஸின் முன்னாலோ பின்னாலோ கடக்கவே கூடாது. பஸ் போய் மறையும்வரை ஹோல்ட்டிலேயே நிற்க வேண்டும், பிறகுதான் இரண்டு பக்கமும் பார்ப்பது. இதைப் பஸ் பாடத்தோடு கலக்காமல் தனியாக, தினமும் பழக்குங்கள். இது உறுதியாகும்வரை பின்னேரம் யாராவது ஹோல்ட்டில் வந்து நிற்கட்டும். ஹோல்ட்டில் ஆள் நின்றாலும் பஸ்ஸில் வந்தவள் அவள்தானே.

வழி தவறினால் என்ன செய்வாள் என்பதையும் விட்டுவைக்காதீர்கள். நீங்கள் பின் சீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் வேண்டுமென்று ஹோல்ட்டைத் தாண்ட விடுங்கள். கொண்டக்டரிடம் சொல்வது, இறங்கினால் ஒரு கடைக்குள் போய் நிற்பது, போனில் உங்கள் படத்தை அழுத்தி அழைப்பது, இந்த மூன்றும் போதும். பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டை பையில் இருக்கட்டும். அதைத் தெரியாத ஆளுக்கு நீட்டக் கூடாது. கொண்டக்டர், பொலிஸ், கடைக்காரர் ஆகியோருக்கு மட்டும்.

மாமியின் பயம் வீண் பயமல்ல. பஸ்ஸில் உரசுகிறவர்கள் இருக்கிறார்கள், நமக்கும் நடந்ததுதான். முடிந்தவரை பெண்களுக்குப் பக்கத்தில் உட்காரவும், யாராவது தொட்டால் "தொடாதே" என்று சத்தமாகக் கத்தவும், எழும்பிக் கொண்டக்டரிடம் போகவும் பழக்குங்கள். அடக்கமாக இரு என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்குக் கத்துவது சுலபமாக வராது. வீட்டில் வெட்கப்படாமல் கத்திப் பழகட்டும். எங்கே தொட்டால் தப்பு என்பதையும் மூடி மறைக்காமல் பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

"இதெல்லாம் எதுக்கு" என்று வீட்டில் கேட்டால் இதையும் சொல்லுங்கள்: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தனியே நடமாடப் பயிற்சி தருவது அதன் 20ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. ஆனால் மாமிக்கு உறுப்புரை வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கடைசி வரிசைக்குப் போகும் வாரத்தில் அவரையும் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பேத்தி "இறக்கம்" என்று சொல்வதை அவர் தன் காதால் கேட்கட்டும்.