ஸ்கேனுக்குப் பிறகும் தெரியவேண்டியவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் 21வது வார ஸ்கேனில் என் அண்ணியின் குழந்தைக்கு இதயத்தில் பெரிய குறை என்றார்கள். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் பிரியாமல் ஒரே குழாயாக இருந்ததாம். கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. போஸ்ட்மார்ட்டம் செய்ய டாக்டர் சம்மதம் கேட்டார். "பச்சப்புள்ளய அறுக்கணுமா?" என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். ஸ்கேனிலேயே எல்லாம் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு? அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஆர்., விருதுநகர்

அன்புள்ள ஆர்.,

அந்த நேரத்தில் பெரியவர்கள் எடுத்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடாது.

என்ன குறை என்பதை ஸ்கேன் காட்டும். ஏன் வந்தது என்பதற்கான தடயம் பல நேரம் இதயத்துக்கு வெளியே கிடக்கும். உங்கள் அண்ணி குழந்தைக்கு இருந்த குறை, 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போனாலும் வரும். அப்படியானால் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி பெரும்பாலும் சிறுத்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வேறு சில குறைகளில் மண்ணீரலைக் காணோம், அல்லது பல துண்டுகளாக இருக்கும். இதையெல்லாம் பார்க்கத்தான் உடற்கூறாய்வு. நெல்லிக்காயைவிடச் சிறிய இதயம் அது. நுரையீரலோடு சேர்த்தே எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் ரத்தம் ஓடும் வழியிலேயே அறை அறையாகத் திறப்பார்கள். தனியாக வெட்டி எடுத்தால் நுரையீரல் சிரைகள் எங்கே சேர்ந்தன என்பது தெரியாமல் போய்விடும். ஸ்கேனில் தப்பிப்போகிறவற்றில் அந்தச் சிரைகளும் உண்டு. முடித்ததும் தைத்து, துணி சுற்றி, கேட்கிற பெற்றோரிடம் தருவார்கள். இதைப் பெரியவர்களுக்கு அன்றே யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கனடாவின் மாண்ட்ரியலில் மாட் அபட் என்ற பெண் மருத்துவர் இப்படித்தான் ஆயிரம் பேரின் இதயக் குறைகளைத் தொகுத்து 1936இல் நூலாக்கினார். அவரிடம் போய்க் கற்ற குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாஸிக்கின் யோசனையில்தான், இதயக் குறையால் உடல் நீலம் பாரிக்கும் "நீலக் குழந்தைகளுக்கான" அறுவை சிகிச்சை 1944இல் பிறந்தது.

சரி, இனி என்ன செய்யலாம்? அண்ணனும் அண்ணியும் ஒரு மரபியல் மருத்துவரைப் பார்க்கட்டும். பனிக்குட நீர்ச் சோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோகட்டும். அந்த 22ஆம் குரோமோசோம் குறை இருவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் அது பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இல்லையென்றால் மிகக் குறைவு. கருத்தரிக்கும் முன்பே அண்ணி சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். 18 முதல் 22 வாரத்துக்குள் சிசுவின் இதயத்துக்கென்றே தனி எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். காரணம் தெரியாதபோது, மறுபடி இதயக் குறை வர பொதுவாக நூற்றுக்கு 2, 3 வாய்ப்பு என்பார்கள். அண்ணி கேட்கும்போது அந்த மீதி 97ஐச் சொல்லுங்கள்.