பணப்பயிர் சாகுபடி குறைந்தால் நிலமில்லாத கூலியாட்கள் ஏன் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்?

அவர்களுக்கு அந்தப் பயிர்தான் வேலைநாள். பருத்திக் காய்கள் ஒரே நாளில் வெடிப்பதில்லை. கையால் எடுக்கும் இடங்களில் ஒரே செடிக்குப் பலமுறை ஆள் போக வேண்டும். அந்தக் கூலி பெரும்பாலும் பெண்களுடையது. விலை விழுந்து விவசாயி ஆள் அதிகம் தேவைப்படாத மரப்பயிருக்கு மாறினாலும், நிலத்தைத் தரிசாகப் போட்டாலும், அவருக்கு நிலமாவது மிஞ்சும். கூலியாளுக்கு அதுவும் இல்லை. அப்புறம் வண்டிக்காரர், உரக்கடை, அரவை ஆலை என்று வரிசையாகப் படுத்துவிடும்.

எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்திருந்த சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை 1989-இல் முறிந்ததும் காபி விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. காபிச் செடி காய்ப்புக்கு வரவே 3, 4 ஆண்டுகள் ஆகும் என்பதால் சட்டென்று பிடுங்கிப்போடவும் மனம் வராது, கடன்தான் ஏறும். கடன் தள்ளுபடி நிலக்காரருக்கு உதவும், சரி. பறிக்கப் போனவர்களுக்கும் நிவாரணம் தந்தே ஆக வேண்டும்.