ஆப்பில் 20, தொட்டிலருகே 17: ஸ்மார்ட் ரேடியேட்டர் வால்வு பற்றிய கேள்விகள்

குளிர் தொடங்கிவிட்டது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை ஒரே பொருளைப் பற்றி நிறையக் கேள்விகள்: ரேடியேட்டரில் பொருத்தும் ஸ்மார்ட் வால்வு, அதாவது வெப்பத்தை அளந்து, ரேடியேட்டருக்குள் போகும் சூடான தண்ணீரைத் தானாகத் திறந்து மூடும் கருவி. காசு கொடுத்து வாங்கியாயிற்று, ஆனால் அறை ஒரு நேரம் புழுங்குகிறது, ஒரு நேரம் நடுங்குகிறது. அதனால் இந்த வாரம் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். காம்பி பாய்லர் (தனி வெந்நீர்த் தொட்டி இல்லாத வகை) உள்ள பழைய வீடு. ஐந்து மாதக் குழந்தையின் அறையில் ஸ்மார்ட் வால்வு போட்டு 20 டிகிரி வைத்திருக்கிறோம். ஆப் எப்போதும் 20 என்றே காட்டுகிறது. தொட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள தெர்மாமீட்டரோ சில நேரம் 17, சில நேரம் 22க்கு மேல் காட்டுகிறது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடியதாக வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விலை கூடியதை வாங்கினாலும் இதே இடத்தில், இதே சூட்டுத் தண்ணீரில் அதுவும் இப்படித்தான் ஆடும். உங்கள் வீட்டில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வால்வு தவறான இடத்தில் வெப்பத்தை அளக்கிறது. ரேடியேட்டருக்குத் தேவைக்கு மேல் சூடான தண்ணீர் போகிறது.

முதலாவதைப் பார்ப்போம். வால்வின் சென்சார் அதன் தலைக்குள்ளேயே இருக்கிறது. கொதிக்கும் குழாயிலிருந்து சில அங்குலம்தான் தள்ளி. ஜன்னல் திரைச்சீலை நீளமாக இருந்து வால்வை மூடிக்கொண்டால் இன்னும் மோசம். ரேடியேட்டர் சூடேறியதும் வால்வைச் சுற்றி உள்ள காற்று 20ஐத் தொட்டுவிடும், வால்வு மூடிக்கொள்ளும், தொட்டில் பக்கம் அறை இன்னும் குளிராகவே இருக்கும்.

இதற்கு ஆப்பில் 'ஆஃப்செட்' என்று ஒரு வழி இருக்கும். வால்வு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால் மைனஸ் 3 என்று கொடுத்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அரைகுறைத் தீர்வுதான். ரேடியேட்டர் சூடாக இருக்கும்போதுதான் அந்த மூன்று டிகிரி வித்தியாசம் வரும். ஆறிய பிறகு வித்தியாசமே இருக்காது. அப்போதும் வால்வு மூன்றைக் கழித்துக்கொண்டே இருப்பதால் அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்துத் திறக்கும். உங்கள் தெர்மாமீட்டர் 22ஐத் தாண்டுவதற்கு யாராவது இப்படி ஒரு ஆஃப்செட் கொடுத்ததும் காரணமாக இருக்கலாம். ஆப்பில் ஒருமுறை பாருங்கள்.

சரியான வழி, அறையில் தனியாக ஒரு வெப்பநிலை சென்சார். உள்சுவரில், தொட்டிலின் உயரத்தில், குழந்தையின் கைக்கு எட்டாமல், வெயிலும் ரேடியேட்டரின் காற்றும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். கடையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சென்சாரின் அளவை வைத்து வால்வு இயங்குமா, அல்லது ஆப்பில் சும்மா காட்டுமா? டாடோ கம்பெனி வால்வுக்குத் தனியாக வயர்லெஸ் சென்சார் உண்டு. ஃபிரிட்ஸ் டெக்ட் 301 வால்வுக்கு அதே கம்பெனியின் 440 என்ற பட்டன் சென்சார் வேலை செய்யும். டான்ஃபாஸ் ஆலி வால்வு, ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் இயங்கும் சோனாஃப் வால்வு ஆகியவையும் வெளிச் சென்சாரின் அளவை ஏற்கும். ஆலி போன்ற வால்வுக்கு ஹோம் அசிஸ்டன்ட் (பல கம்பெனிக் கருவிகளை ஒன்றாக இயக்கும் மென்பொருள்) வழியாக வேறு கம்பெனிச் சென்சாரை இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் புது அளவு வராவிட்டால் வால்வு தன் சொந்தச் சென்சாருக்கே திரும்பிவிடும். மலிவான சென்சார்கள் பல, வெப்பம் மாறினால்தான் செய்தி அனுப்பும். அறை நிலையாக இருந்தால் சென்சார் மௌனமாகிவிடும், வால்வு பழைய புத்திக்குப் போய்விடும். மாறாவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளவை அனுப்பும்படி வைத்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரின் சூடு. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் தோசையைக் கருக்கும் அல்லவா, ரேடியேட்டரும் அப்படித்தான். வால்வு மூடிய பின்னும் உள்ளே நிற்கும் 75 டிகிரித் தண்ணீரும் இரும்பும் வெகுநேரம் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அறை இலக்கைத் தாண்டுவது அதனால்தான். பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழோ பட்டனோ இருக்கும். அதை 60க்குக் குறையுங்கள். சில நாள் பார்த்துவிட்டு, வீடு தாங்கினால் 55 வரை போகலாம். குழாய் படம் போட்டது வெந்நீருக்கானது, அதைத் தொட வேண்டாம். இதில் எரிவாயுச் செலவும் குறையும். கண்டென்சிங் பாய்லரில் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தை நன்றாகத் திருப்பிக் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: இது காம்பி பாய்லருக்குச் சொன்னது. வெந்நீர்த் தொட்டி தனியாக வைத்திருப்பவர்கள் இப்படிக் குறைக்கக் கூடாது. லீஜியனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டியில் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அவர்கள் ஹீட்டிங் இன்ஜினியரைக் கேட்டுச் செய்யட்டும்.

குழந்தைக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். குழந்தை தூங்கும் அறைக்கு பிரிட்டனின் என்எச்எஸ் சொல்வது 16 முதல் 20 டிகிரி. நீங்கள் வைத்திருக்கும் 20 மேல் எல்லை. அங்கிருந்து கொஞ்சம் தாண்டினாலும் குழந்தைக்குச் சூடு அதிகம். 18 வையுங்கள், ஒரு டிகிரி மேலே கீழே போனாலும் பயமில்லை. நம் வீடுகளில் குழந்தைக்குக் குளிரும் என்று கூட்டி வைப்பதுதான் வழக்கம், பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் இந்த விஷயத்தில் சூடு கூடுவதுதான் ஆபத்து.

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். முதலில் தெர்மாமீட்டரையும் புதுச் சென்சாரையும் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் ஒன்றை மாற்றி, இரண்டு நாள் ஆப்பின் வரைபடத்தைக் கவனியுங்கள். கோடு எப்போதும் இலக்குக்கு ஒரே அளவு கீழே ஓடினால் கோளாறு வெப்பத்தை அளப்பதில் இருக்கிறது. மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கினால் தண்ணீரின் சூடும் வால்வு திறக்கும் அளவும்தான் காரணம்.

கேள்வி: ஜெர்மனி டோர்ட்முண்டில் வாடகை வீடு. கட்டடம் முழுவதற்கும் மாவட்ட ஹீட்டிங் (பொது நிலையத்திலிருந்து குழாயில் வரும் வெப்பம்), அதனால் தண்ணீரின் சூட்டை என்னால் மாற்ற முடியாது. அறையில் தனிச் சென்சார் வைத்துவிட்டேன். அப்படியும் 24 வரை ஏறி 19 வரை இறங்குகிறது. ஆப்பில் ஹிஸ்டெரிசிஸ், வால்வு திறப்பு எல்லை, பிஐடி என்று என்னென்னவோ இருக்கின்றன. எதைத் தொடுவது?

பதில்: வால்வு திறப்பு எல்லையை. ரேடியேட்டர் வால்வு, நூறு சதவீதம் திறந்தால்தான் முழு வெப்பம் வரும் என்ற கணக்கில் இயங்குவதில்லை. மூடிய நிலையிலிருந்து கொஞ்சம் திறந்ததுமே தண்ணீர் வேகமாகப் பாய்ந்துவிடும், அதற்கு மேல் திறப்பதில் பெரிய மாற்றம் இருக்காது. ரேடியேட்டரும் அப்படியே. தண்ணீரின் அளவைப் பாதியாக்கினாலும் வெப்பம் பாதியாவதில்லை, பெரும்பகுதி வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் முழுதாகத் திறந்து முழுதாக மூடும் வால்வு அறையை ஊஞ்சலாட்டுகிறது. எல்லையை 40 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டம் குறையாவிட்டால் 30, அப்புறம் 25 என்று இறக்குங்கள். கடும் குளிர் நாளில் அறை இலக்கை எட்டவே இல்லையென்றால் ஒரு படி ஏற்றுங்கள்.

ஹிஸ்டெரிசிஸ் என்பது இலக்கிலிருந்து எவ்வளவு விலகினால் வால்வு அசையவேண்டும் என்ற அளவு. 0.5 டிகிரி போதும். 0.2 வைத்தால் துல்லியமாகிவிடும் என்று நினைத்துப் பலர் குறைக்கிறார்கள். ஆட்டம் குறையாது, இரவெல்லாம் மோட்டார் கிர்ரென்று ஓடிப் பேட்டரிதான் தீரும். பிஐடி என்பது இலக்குக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரமாக என்று பார்த்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் முறை. உங்கள் வால்வில் அது இருந்தால் ஹிஸ்டெரிசிஸைவிட அதையே தேர்ந்தெடுங்கள். ஆனால் எண்களை மாற்றுவதில் அவசரம் வேண்டாம். அறை மெதுவாக மாறும் பொருள், இன்று மாற்றியதன் பலன் நாளைதான் தெரியும். தானாகக் கற்றுக்கொள்ளும் வகை வால்வாக இருந்தால் ஒரு வாரம் கை வைக்காமல் விடுங்கள்.

ஒரு சோதனையையும் செய்துவிடுங்கள். ஆப் பூஜ்யம் சதவீதம் என்று காட்டி ஒரு மணி நேரம் ஆனபின் ரேடியேட்டரின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் நல்ல சூடாக இருந்தால் வால்வு முழுதாக மூடவில்லை. தலையைக் கழற்றினால் நடுவில் ஒரு சிறு உலோக ஊசி தெரியும். கட்டை விரலால் ஒரு நாணயத்தை வைத்து அழுத்தினால் சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். கோடை முழுவதும் அசையாமல் இருந்து இறுகியிருந்தால் மெதுவாகப் பலமுறை அழுத்தி விடுங்கள். குறடால் பிடித்து இழுக்கவே கூடாது, தண்ணீர் பீறிடலாம். தலையைத் திரும்ப மாட்டியதும் ஆப்பில் கேலிபரேஷனை மறுபடி ஓட்டுங்கள். மூடும் புள்ளி எது என்று வால்வு அப்போதுதான் கண்டுபிடிக்கும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் வீட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். தலைக்கு அடியில் உள்ள வால்வில் எண் போட்ட வளையம் இருந்தால், அது அந்த ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்துவது. கட்டடம் முழுவதற்கும் கணக்குப் பார்த்து டெக்னீஷியன் வைக்கவேண்டிய எண் அது, நீங்களாகத் திருப்பினால் மேல்மாடிக்காரருக்கு வெப்பம் மாறிப்போகும். ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும் வெள்ளை நிறச் செலவு மீட்டரையும் தொடாதீர்கள். பழைய வால்வுத் தலைகளைப் பத்திரமாக வைத்திருங்கள், வீட்டைக் காலி செய்யும்போது அவற்றைத்தான் மாட்டிக் கொடுக்கவேண்டும்.

கேள்வி: குரொய்டன் வீட்டில் ஹாலில் சுவர் தெர்மோஸ்டாட் இருக்கிறது. எல்லா ரேடியேட்டருக்கும் ஸ்மார்ட் வால்வு போட்ட பிறகு படுக்கையறை சூடாகவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஹால் சூடானதும் சுவர் தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்திவிடுகிறது. படுக்கையறை வால்வு திறந்துதான் இருக்கும், ஆனால் சூடான தண்ணீர் வராது. வால்வும் தெர்மோஸ்டாட்டும் ஒரே கம்பெனியாக இருந்து, எந்த அறை கேட்டாலும் பாய்லர் ஓடும்படி இருப்பதுதான் நல்லது. அது முடியாவிட்டால் ஹாலில் உள்ள வால்வைக் கழற்றிச் சாதாரணத் தலையைப் போட்டு முழுதாகத் திறந்து வையுங்கள். பிறகு அந்த ரேடியேட்டரின் மறுமுனையில் உள்ள லாக்‌ஷீல்டு வால்வைக் கொஞ்சம் அடைத்தால் ஹால் மெதுவாகச் சூடாகும், மற்ற அறைகளுக்கு நேரம் கிடைக்கும்.

கேள்வி: இனிமேல்தான் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் மரை, அதாவது தலையைத் திருகி மாட்டும் இடம். பெரும்பாலான புது வால்வுகளுக்கு எம்30, 1.5 மில்லிமீட்டர் மரைதான். டான்ஃபாஸின் பழைய வகைகளில் பிடிப்பு வேறு மாதிரி, அடாப்டர் வேண்டும், பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள். தலையை மாற்றத் தண்ணீரை இறக்கவேண்டியதில்லை, கையாலேயே முடியும். கைப்பிடி மட்டும் உள்ள சாதாரண வால்வாக இருந்தால் அது வேறு கதை, வால்வின் உடலையே மாற்ற பிளம்பர் வேண்டும்.

வெளிச் சென்சார் இணைக்க முடியாத வால்வை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும். அதேபோல இணையம் போனால் வால்வு என்ன செய்யும், எந்த வசதிக்கு மாதச் சந்தா கேட்கிறார்கள் என்பதையும் முன்னாலேயே கேளுங்கள். கூகுள் தன் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 2025 அக்டோபரில் ஆதரவை நிறுத்தியது. 2014இல் ஐரோப்பாவில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியும் அதில் சேர்த்தி. சுவரில் கையால் திருப்பலாம், ஆப்பில் இயக்க முடியாது. ஜிக்பீ, மேட்டர் போல வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் வகைகளுக்கு இந்த ஆபத்து குறைவு.

முதலில் ஒரே ஒரு அறைக்கு வாங்கிப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். பிடித்தால் மீதியை வாங்கலாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிப் பொருத்திவிட்டேன். பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா? பேட்டரியும் ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது.

பதில்: பிரிட்டனிலும் ஐரோப்பிய யூனியனிலும் ஆன்லைனில் வாங்கியதை, கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். பொருத்திப் பார்ப்பதற்கு மேல் பயன்படுத்தித் தேய்மானம் இருந்தால் விற்றவர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். பெட்டியையும் அடாப்டர்களையும் எறிந்துவிடாதீர்கள். பொருளில் குறை இருந்தால் கணக்கு வேறு. பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் கேட்கலாம். ஜெர்மனியில் இரண்டு வருடம் வரை விற்றவரே பொறுப்பு, கம்பெனிக்கு எழுதுங்கள் என்று கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு மாதத்தில் பேட்டரி தீர்வதைக் குறை என்று சொல்வதற்கு முன், ரீசார்ஜ் பேட்டரி போட்டீர்களா என்று பாருங்கள். அவை 1.2 வோல்ட்தான், நிறைய மிச்சம் இருக்கும்போதே வால்வு தீர்ந்துவிட்டதாகக் காட்டும். நல்ல அல்கலைன் போட்டு, ஹிஸ்டெரிசிஸை 0.5க்கு ஏற்றியும் அதே கதி என்றால், ஆப்பின் பேட்டரித் திரையைப் படம் பிடித்து விற்றவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது.